ஸ்காட்லாந்தின் பேய்க் கோட்டைகள்: முதல் முறை போகிறவர்களுக்கான செய்முறை

விசா, விமான டிக்கெட் எல்லாம் உங்கள் பாடு. எடின்பரோவில் இறங்கியபின் என்ன செய்வது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ஒன்று: நள்ளிரவில் கோட்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நடக்கலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். எடின்பரோ கோட்டை காலை 9.30க்குத் திறக்கும். கோடையில் மாலை 6, குளிர்காலத்தில் 5 மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே நுழைவு நின்றுவிடும். இரவு நேரப் பேய்ச் சுற்றுலா என்று நகரத்தில் விற்பதெல்லாம் பெரும்பாலும் சவுத் பிரிட்ஜ் பாலத்தடி நிலவறைகளுக்கோ கிரேஃபிரையர்ஸ் கல்லறைக்கோ போவது. அவையும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கோட்டை அல்ல.

படி 1: இரண்டு ஊர்களில் தங்குங்கள்

எடின்பரோவில் பாதி, அபர்டீனில் பாதி. எடின்பரோவிலிருந்து ஸ்டெர்லிங்குக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அபர்டீனைச் சுற்றி கிராத்தஸ், ஃபைவி, டனாட்டர் மூன்றும் இருக்கின்றன. கிளாம்ஸ் கோட்டை நடுவழியில், டண்டீ பக்கம். எல்லாவற்றையும் எடின்பரோவிலிருந்தே போய்ப் போய் வரலாம் என்று திட்டம் போட்டால் பாதி நாள் ரயிலிலேயே கழியும்.

படி 2: கோட்டை யாருடையது என்று பாருங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'ஸ்காட்லாந்துக் கோட்டைகளுக்கான பாஸ்' என்று பார்த்ததும் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் கிளாம்ஸ் வாசலில் நீட்டினால் செல்லாது என்கிறார்கள். காரணம், கோட்டைகள் மூன்று வகை உரிமையாளர்களிடம் இருக்கின்றன.

எடின்பரோ, ஸ்டெர்லிங், எல்லைப்புறத்தில் இருக்கும் ஹெர்மிடேஜ் ஆகியவை ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பின் பொறுப்பில் உள்ளவை. அந்த அமைப்பு விற்கும் எக்ஸ்ப்ளோரர் பாஸ் செல்லுபடியாவது இந்த வகைக்கு மட்டுமே. கிராத்தஸும் ஃபைவியும் நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து என்ற அறக்கட்டளையுடையவை. இங்கிலாந்தில் இருக்கும் உறவினர் யாராவது அங்குள்ள நேஷனல் டிரஸ்டில் உறுப்பினராக இருந்தால், அவருடைய அட்டை இவ்விரண்டிலும் அவருக்குச் செல்லும். கூடப் போகிற உங்களுக்கு டிக்கெட் தனி. கிளாம்ஸும் டனாட்டரும் தனியார் சொத்து. அங்கே இந்தப் பாஸோ அட்டையோ உதவாது, டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

எடின்பரோ, ஸ்டெர்லிங் இரண்டும்தான் உங்கள் பட்டியலில் என்றால், தனித்தனி டிக்கெட்டின் கூட்டுத் தொகையோடு ஒப்பிட்டுவிட்டுப் பாஸ் வாங்குங்கள். மூன்றாவதாக ஒன்று சேரும்போதுதான் அது உண்மையிலேயே லாபம். எடின்பரோவுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை ஆன்லைனில் எடுங்கள். வாசலில் விலை கூடுதல், ஆகஸ்டில் கிடைக்காமலே போகலாம்.

படி 3: மாதம்

மே அல்லது செப்டம்பர். ஆகஸ்டில் டாட்டூ என்ற ராணுவ இசை அணிவகுப்புக்காக எடின்பரோ கோட்டை முன்திடலே பார்வையாளர் மேடையாகிவிடும். அறை வாடகையும் எகிறும். டிசம்பரில் மூன்றே முக்கால் மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். பேய்க்கதைக்குப் பொருத்தமான காலம்தான், ஆனால் ஹெர்மிடேஜ் மாதிரி சில இடங்கள் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். வடக்கே இருக்கும் கோட்டைகள் மற்ற மாதங்களிலும் வாரத்தில் சில நாள் மூடலாம். தேதியை முடிவு செய்யும் முன் ஒவ்வொன்றின் தளத்தையும் பாருங்கள்.

படி 4: பேருந்து

கிராமப்புறப் பேருந்துகளுக்கு கூகுள் மேப்பைவிட டிராவல்லைன் ஸ்காட்லாந்து என்ற பயண அட்டவணைத் தளத்தைத்தான் நம்புவேன். போகும் வண்டிக்கு முன்னால் திரும்பி வரும் வண்டியைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு. ஃபைவிக்கு கிராமத்தில் இறங்கி ஏறக்குறைய ஒரு மைல் நடக்க வேண்டும். ஹெர்மிடேஜுக்குக் கார் இல்லாமல் போக நினைக்காதீர்கள்.

படி 5: கதையைத் தேதியோடு படித்துவிட்டுப் போங்கள்

இதைச் செய்யாமல் போனால் எல்லாக் கோட்டையும் ஒரே பச்சைச் சேலைப் பேய் மாதிரித் தெரியும். (பச்சைப் பெண்மணி ஸ்டெர்லிங்கில் ஒருத்தி, கிராத்தஸில் ஒருத்தி, ஃபைவியில் ஒருத்தி!)

கிளாம்ஸுக்குப் போகும் முன் எடின்பரோவைப் பாருங்கள், ஏனென்றால் கதை தொடங்குவது அங்கே. கிளாம்ஸ் சீமாட்டி ஜேனட் டக்ளஸை, ஐந்தாம் ஜேம்ஸ் மன்னருக்கு விஷம் வைக்கச் சதி செய்தாள் என்று குற்றம் சாட்டி, 1537 ஜூலை 17 அன்று எடின்பரோ கோட்டைக் குன்றில் உயிரோடு எரித்தார்கள். சூனியக்காரி என்ற பட்டத்தையும் பின்னால் கதை சேர்த்துக்கொண்டது. கோட்டை முன்திடல் நுழைவில் சுவரோடு ஒட்டிய சிறிய 'சூனியக்காரிகள் கிணறு' இருக்கிறது. அந்தக் குன்றில் எரிக்கப்பட்டவர்களின் நினைவாக வைத்தது. கூட்டம் அதைக் கவனிக்காமலே கடந்து போகும், நீங்கள் நில்லுங்கள்.

அடுத்து கிளாம்ஸ் தேவாலயத்துக்குப் போனால், சாம்பல் நிறப் பெண்மணியாக அவள் வந்து ஜெபிப்பதாகவும், அவளுக்கென்று ஓர் இருக்கையைக் காலியாக விட்டிருப்பதாகவும் வழிகாட்டி சொல்வார். ஓவியங்கள் நிறைந்த அந்தத் தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது 1688இல்! அவள் இறந்து நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து. இப்படித் தேதிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் வழிகாட்டியிடம் கேள்வி கேட்டால், மனப்பாட உரையை விட்டுவிட்டு நன்றாகப் பேசத் தொடங்குவார்.

ஃபைவியில் பார்க்க வேண்டியது ஒரு ஜன்னல். லிலியஸ் டிரம்மண்ட் 1601இல் இறந்தாள். ஆண் வாரிசு பெறாததால் கணவன் அலெக்சாண்டர் சீட்டன் பட்டினி போட்டுக் கொன்றான் என்பது கதை. அதே ஆண்டு அவன் மறுமணம் செய்துகொண்டது மட்டும் வரலாறு. முதலிரவில் ஜன்னலுக்கு வெளியே பெருமூச்சு கேட்டதாம், விடிந்து பார்த்தால் வெளிப்புற விளிம்புக் கல்லில் அவள் பெயர் செதுக்கப்பட்டிருந்ததாம். எழுத்துகள் தலைகீழாக, தரையிலிருந்து ஐம்பது அடிக்கு மேல் இருக்கின்றன. கீழே நின்று தேடினால் கழுத்துதான் வலிக்கும். உள்ளே அந்த அறைக்கு வந்ததும் அங்கிருக்கும் ஊழியரிடம் கேளுங்கள்.

ஹெர்மிடேஜ் கதையில், கொடியவன் சூலிஸ் பிரபுவை ஈயத் தகட்டில் சுற்றி, கொப்பரையில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். ஆவணப்படி வில்லியம் டி சூலிஸ் டம்பார்டன் கோட்டைச் சிறையில் செத்தவன். இருந்தாலும் தன்னந்தனியாக நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் கொப்பரையையே நம்பத் தோன்றும்.

படி 6: உள்ளே

குடை வேண்டாம், காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும். சுழல் படிக்கட்டுகள் குறுகலானவை, நடுத்தூண் பக்கம் படி இன்னும் ஒடுங்கும். வெளிச்சுவர்ப் பக்கமாகக் கால் வையுங்கள், முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். கிளாம்ஸுக்குள் படம் எடுக்க அனுமதி கிடையாது. மற்ற இடங்களிலும் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

டனாட்டருக்குக் குழந்தை வண்டி கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தார்கள். முடியாது. ஸ்டோன்ஹேவன் துறைமுகத்திலிருந்து பாறையோரமாக முக்கால் மணி நேர நடை; பிறகு பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏற நிறையப் படிகள். புயல், பனி என்றால் கோட்டையையே மூடிவிடுவார்கள், அன்று காலையே தளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 1685இல் 167 பேரை அடைத்து வைத்த நிலவறை அங்கே இருக்கிறது. எந்தப் பேய்க்கதையும் அதற்கு ஈடாகாது.

இரவு கோட்டையிலேயே தங்க முடியாதா என்பது இன்னொரு கேள்வி. ஓட்டலாக மாறிய கோட்டைகள் உண்டு. எடின்பரோவுக்கு அருகில் உள்ள டல்ஹவுசி அப்படி ஒன்று, கேதரின் சீமாட்டியின் பேய் உலவுவதாகப் பேச்சு. நம் பள்ளிப் பாடத்தில் வாரிசு இழப்புக் கொள்கையோடு வருவாரே, 1855இல் தஞ்சை அரசை எடுத்துக்கொண்டவர், அந்த டல்ஹவுசி பிரபு பிறந்த வீடு இது. அறை இருக்கிறதா என்று நேரடியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை இழுத்துக்கொண்டு எடின்பரோ கோட்டைக்குப் போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள். வேவர்லி ஸ்டேஷனில் பெட்டிகளை வைத்துவிட்டு ஏறுங்கள்.