மரபணுத் திருத்தம் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் எப்படிப் பேசுவது

போன வருஷம் ஒரு சீமந்தத்தில், சாப்பாடு முடிந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த நேரத்தில், சித்தப்பா போனில் ஒரு செய்தியைக் காட்டினார். அமெரிக்காவில் பிறந்து சில மாதங்களே ஆன ஒரு குழந்தைக்கு, அதன் மரபணுவில் இருந்த பிழைக்கென்றே தனியாக ஒரு மருந்து செய்து கொடுத்திருக்கிறார்கள். "படைச்சவன் வேலையில கை வைக்கிறாங்க, எங்க போய் முடியப்போகுதோ" என்றார் பெரியம்மா. நான் சும்மா இருந்திருக்கலாம். "படைச்சவன்னு ஒருத்தர் இருந்தாத்தானே" என்று ஆரம்பித்தேன், அரை மணி நேரம் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்றே ஓடியது, அந்தக் குழந்தை பிழைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை, கிளம்பும்போது பெரியம்மா தாம்பூலப் பையை என் கையில் கொடுக்காமல் என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் இந்தப் பேச்சு வந்தால் எப்படிப் பேசுவது என்று எனக்கு நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியம்மா இருப்பார், அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில், கடவுளை வம்புக்கு இழுக்காதீர்கள். பக்திக்காகச் சொல்லவில்லை, அந்தச் சண்டையில் ஜெயித்தாலும் இந்தக் கேள்விக்கு விடை வராது. மனித மரபணுத் தொகுதியைப் படித்து முடித்த திட்டத்தின் அமெரிக்கத் தலைவர் பிரான்சிஸ் காலின்ஸ் பகிரங்கமாகத் தன் கிறிஸ்தவ நம்பிக்கையைப் பேசுபவர், பரிணாமத்தையும் ஏற்பவர். பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேலானது என்று 1996-ல் போப் இரண்டாம் ஜான் பால் சொல்லியாகிவிட்டது. 2008-ல் வாட்டிகன், நோயைத் தீர்க்க உடல் செல்களில் செய்யும் மரபணு சிகிச்சை கொள்கையளவில் சரி, சந்ததிக்குப் போகும் மாற்றம் இப்போதைய நிலையில் கூடாது என்று பிரித்துச் சொன்னது. கடவுளே இல்லை என்கிற விஞ்ஞானிகள் பலரும் வந்து நிற்பது அதே கோட்டில்தான். அப்புறம், "தசாவதாரத்திலேயே பரிணாமம் இருக்கு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மீனிலிருந்து தொடங்குவதால் மட்டும் அது பரிணாமம் ஆகிவிடாது, ஆனால் அதைச் சொல்லப்போனால் இன்னொரு அரை மணி நேரம் போய்விடும்.

அடுத்து கேட்க வேண்டியது: எந்தச் செல்லில் கை வைத்தார்கள்? பாதி பயம் இங்கேயே தெளிந்துவிடும். சித்தப்பா காட்டிய குழந்தைக்கு மருந்து போனது கல்லீரலுக்கு. அம்மோனியாவை வெளியேற்ற முடியாத பிறவிக் குறை, அதற்கான நொதியின் மரபணுவில் பிழை, அதை கிரிஸ்பர் (மரபணுவில் குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் பிடித்துத் திருத்தும் முறை) வழியில் வந்த ஒரு கருவியால் திருத்தினார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து பிள்ளை பெற்றால், கல்லீரலில் செய்த திருத்தம் அந்தப் பிள்ளைக்குப் போகாது. அப்புறம் ஒருநாள் பேச்சு வந்தபோது இதைப் பெரியம்மாவிடம் "கண்புரை ஆபரேஷன் மாதிரி, அவங்களோட முடிஞ்சுடும்" என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார். அவருக்கு இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்திருக்கிறது. கருவில் செய்யும் மாற்றம் அப்படியில்லை. அது உடம்பு முழுக்கப் போகும், வம்சத்துக்கும் போகும். இந்தியாவில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2019 வழிகாட்டுதல் இதற்குத் தடை போட்டிருக்கிறது.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது, கொஞ்சம் நேரம் எடுத்தே பேசுவேன்: அந்த மரபணு வேறு என்னென்ன வேலை பார்க்கிறது?

அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். மரபணு என்பது டிஎன்ஏ எழுத்துகளின் நீண்ட வரிசை, இந்த நோயில் ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்தப் பிரதி வந்தால் ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து சின்னக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும், அந்த வலியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சரி, இவ்வளவு கொடுமையான எழுத்து ஏன் அழிந்து போகவில்லை? 1954-ல் ஆந்தனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்து அதற்கு விடை சொன்னார்: ஒரே ஒரு பிரதி இருப்பவர்களுக்கு மலேரியாவிடமிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. இந்தியாவில் இந்த மரபணு முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். கொசு இருக்கும் காட்டில் அது கவசம், இரண்டு கவசம் சேர்ந்தால் நோய். பெரியம்மா பாஷையில் "அவன் போட்ட கணக்கு", என் பாஷையில் இயற்கைத் தேர்வு. ரெண்டு பேரும் ஒத்துக்கொள்வது, காரணம் தெரியாமல் கை வைக்காதே என்பதைத்தான்.

காரணம் தெரியாமல் கை வைத்த கதையும் இருக்கிறது. 2018 நவம்பரில் சீனாவின் ஷென்சென் நகரத்து விஞ்ஞானி ஹே ஜியான்குய், கருவிலேயே திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். எச்ஐவி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவு சிசிஆர்5, அதை மூடுவதுதான் நோக்கம். ஐரோப்பியர் சிலருக்கு இயற்கையாகவே அதில் 32 எழுத்துகள் கிடையாது, இரண்டு பிரதியிலும் இல்லாதவர்களை எச்ஐவி பெரும்பாலும் தொற்றுவதில்லை. இந்தக் குழந்தைகளுக்கு வந்தது அந்த 32 இல்லை. ஒருத்திக்கு ஒரு பிரதியில் 15 எழுத்துகள் போயின, மறு பிரதி அப்படியே இருந்தது. இன்னொருத்திக்கு ஒன்றில் 4 எழுத்துகள் குறைவு, மற்றொன்றில் ஒரு எழுத்து கூடுதல். இதுவரை எந்த மனிதருக்கும் இருந்ததாகத் தெரியாத வடிவங்கள். அதோடு, சிசிஆர்5 இல்லாதவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் வந்தால் நோய் தீவிரமாகும் ஆபத்து கூடுதல். நம் பக்கத்துக் கேரளத்திலேயே அவ்வப்போது தலைகாட்டும் வைரஸ்தான் அது. இதில் கொடுமை, அந்தக் குழந்தைகளின் அப்பாவுக்கு எச்ஐவி இருந்தாலும் விந்தணுவைக் கழுவி எடுத்துத் தொற்றில்லாத குழந்தை பெற ஏற்கெனவே வழி இருந்தது. 2019 கடைசியில் ஹே ஜியான்குய்க்கு மூன்று வருஷம் சிறை, 30 லட்சம் யுவான் அபராதம்.

இதைச் சொல்லும்போது ஒரு ஜாக்கிரதை. சிசிஆர்5 இல்லாதவர்களின் இறப்பு விகிதம் 21% கூடுதல் என்று 2019-ல் ஓர் ஆய்வு வந்து பரபரப்பாக ஓடியது. தரவில் பிழை என்று அதே வருஷம் அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள். பழைய பதிவுகளில் இன்னும் உலவுகிறது, நானும் ஒருமுறை அதைச் சொல்லிவிட்டு அப்புறம் சித்தப்பாவுக்குப் போன் போட்டு மாற்றிச் சொன்னேன்.

"உடம்பு கச்சிதமான படைப்பு, தொடவே கூடாது" என்று ஒருவர் நின்றால் புரையேறுவதைச் சொல்லுங்கள். யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோமே, அது நடப்பதே மூச்சுக்கும் சோற்றுக்கும் தொண்டையில் ஒரே சந்து இருப்பதால். பழைய மீன் மூதாதையரின் உணவுக்குழாயிலிருந்து நுரையீரல் கிளைத்த மிச்சம் அது. "அப்போ பரிணாமம் அரைகுறை, எல்லாத்தையும் மாத்திடலாம்" என்று துள்ளும் மருமகன் பிள்ளைக்கும் பதில் அதிலேயே இருக்கிறது: நாலு தலைமுறை மாற்றி மாற்றிக் கட்டிய வீட்டில் கோணலாகத் தெரியும் சுவர்தான் உத்தரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

"உயரமா, புத்திசாலியா பிள்ளை செய்யலாமே" என்ற பேச்சு கட்டாயம் வரும். உயரத்தோடு மட்டும் தொடர்புள்ள இடங்கள் மரபணுத் தொகுதியில் 12,000-க்கு மேல் என்று 2022 ஆய்வு சொல்கிறது, எதை என்று திருத்துவீர்கள்? அதற்கும் மேல், "நல்ல பிறவி" என்று யார் தீர்மானிப்பது? டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன் 1883-ல் அதற்கு யூஜெனிக்ஸ் என்று ஒரு பெயரே வைத்தார், 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடையை அனுமதித்தது. சாதி பார்த்துப் பெண் எடுக்கும் ஊரில் இந்த ஆயுதம் வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பயமுறுத்தியே முடித்துவிடாதீர்கள், நல்லதையும் சொல்லுங்கள். அரிவாள் செல் சோகைக்கு கிரிஸ்பர் சிகிச்சை 2023 கடைசியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அதில் அந்தக் கெட்ட எழுத்தைத் தொடுவதே இல்லை. வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு ஹீமோகுளோபின் ஓடும், பிறந்து சில மாதங்களில் அது அணைந்துவிடும். நோயாளியின் ஸ்டெம் செல்களை (ரத்தத்தை உண்டாக்கும் தாய்ச் செல்கள்) வெளியே எடுத்து, அந்த அணைக்கும் சுவிட்சை மட்டும் கெடுத்து, கீமோ மருந்தால் மஜ்ஜையைக் காலி செய்த பிறகு திரும்ப ஏற்றுகிறார்கள். பழைய ஹீமோகுளோபின் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். இதைக் கேட்டதும் பெரியம்மா கடவுளை விட்டுவிட்டு, "அந்த மலைக்காரப் பிள்ளைங்களுக்கு யாரு குடுப்பா?" என்றார். அன்றைக்குப் பேசியதிலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

அதற்கு என்னிடம் இருந்த பதில் சின்னது. 2023-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அரிவாள் செல் அல்லது தலசீமியா (ஹீமோகுளோபின் குறைவாக உருவாகும் இன்னொரு பரம்பரை நோய்) இருந்தால், கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே பையன், பொண்ணு இருவருக்கும் எச்பிஎல்சி என்ற ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். இருவருக்கும் ஒரு பிரதி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு, அதைத் தெரிந்துகொண்டு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ஜாதகத்தையும் பார்ப்பேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட்டையும் அதே கவரில் வைத்துக் கொடுங்கள்.