மிடில்வெயிட் ஸ்போர்ட்ஸ் பைக்: டெல்டாவில் ஒப்பிட்டு வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுவை அறுவடை நேரத்தில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமச் சாலைகளில் போனால், பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கருங்கல்லோ செங்கல்லோ வரிசையாக வைத்திருப்பார்கள். இன்னும் கொஞ்ச தூரத்தில், வயலிலிருந்து ஏறிய டிராக்டரின் கேஜ் வீல் சேற்றை அப்பிவிட்டுப் போயிருக்கும். அது காய்ந்தால் கட்டி, தூறல் விழுந்தால் வழுக்கல். இந்தச் சாலையில் ஓடப்போகிற வண்டியை ஐரோப்பிய மலைப்பாதையில் எடுத்த வீடியோவைப் பார்த்து முடிவுசெய்கிறோம். பிற தவறுகள் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

650 சிசி சுற்றுவட்டத்தில் நம் ஊர்க்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வண்டிகள்: கவாசாகி நின்ஜா 650, ஹோண்டா சிபிஆர்650ஆர், டிரையம்ஃப் டேடோனா 660, சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-8ஆர், கவாசாகி இசட்எக்ஸ்-6ஆர், அப்ரிலியா ஆர்எஸ் 660. பெயர்களை ஒரே பட்டியலில் போடலாம். ஆனால் பட்டியலின் ஒரே கட்டத்தில் வரும் எண்கள் எல்லாம் ஒரே பொருளைச் சொல்வதில்லை.

'ஏபிஎஸ் உண்டு' என்பதோடு நிறுத்திக்கொள்வது

இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா இருசக்கர வாகனங்களுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் அமைப்பு, கட்டாயம். ஆகவே அந்த ஒரு வரி வண்டிகளுக்குள் எந்த வித்தியாசத்தையும் காட்டாது. கேட்க வேண்டிய கேள்வி, வண்டி சாய்ந்திருக்கும்போதும் அது கணக்குப் போடுகிறதா என்பதுதான்.

சாதாரண ஏபிஎஸ் இரண்டு சக்கரங்களின் சுழற்சி வேகத்தை மட்டும் பார்க்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக் அழுத்தத்தை விட்டுப் பிடிக்கும். வண்டி நேராக நிற்கிறதா, 30 டிகிரி சாய்ந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஆறு அச்சு ஐஎம்யு என்ற உணரி இருந்தால் சாய்வும் கணக்கில் சேரும். வளைவில் பதறி முன் பிரேக்கைப் பிடித்தாலும், டயரால் தாங்க முடிந்த அளவுக்கே அழுத்தம் போகும். இதைத்தான் கார்னரிங் ஏபிஎஸ் என்கிறார்கள்.

விலை கூடினால் இது தானாக வந்துவிடும் என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். 2024-ல் இந்தியாவுக்கு வந்த இசட்எக்ஸ்-6ஆர் 124 பிஎஸ் ஆற்றல் கொண்டது, அறிமுக விலையே 11 லட்சத்தைத் தாண்டியது. அதில் ஐஎம்யு கிடையாது. அதே சமயம் 373 சிசி கேடிஎம் ஆர்சி 390-ல் 2022-லிருந்தே கார்னரிங் ஏபிஎஸ் இருக்கிறது. மேலே சொன்ன ஆறில் ஆர்எஸ் 660-ல் ஐஎம்யு உண்டு. டேடோனா 660, ஜிஎஸ்எக்ஸ்-8ஆர், நின்ஜா 650 மூன்றிலும் உள்ளது சாதாரண இரட்டைச் சேனல் ஏபிஎஸ்தான். டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கும் இதே பார்வை வேண்டும். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்கிறதா என்று மட்டும் பார்ப்பது ஒரு வகை, சாய்வையும் சேர்த்துப் பார்ப்பது இன்னொரு வகை. விளம்பரத் தாளில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

டெல்டாவில் வளைவு குறைவு, சாலை பெரும்பாலும் சமதரை. அப்படியானால் கார்னரிங் ஏபிஎஸ் வீண்செலவா? இல்லை. வாய்க்கால் கரையை ஒட்டிய சாலைகள் மதகுப் பாலத்தில் சட்டென்று திரும்பும். திரும்பியதும் எதிரே மாடோ, வைக்கோல் வண்டியோ நிற்கும். அந்த இடத்தில் அது உயிர் காக்கும். ஆனால் அதற்காக மட்டும் ஆர்எஸ் 660-க்குப் போகச் சொல்ல மாட்டோம். நின்ஜா 650-ன் விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கொடுக்க வேண்டியிருக்கும்.

எந்த ஏபிஎஸ் ஆனாலும் இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது. சாலையில் சிதறிய நெல்மணி டயருக்கும் தாருக்கும் நடுவில் சின்னச் சின்ன உருளைகளாக ஓடும். ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டே இருக்கும், வண்டி நிற்கும் தூரமோ நீண்டுகொண்டே போகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நல்ல காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் நிற்க ஏறத்தாழ 31 மீட்டர் வேண்டும். பிடிமானம் பாதியாகக் குறைந்தால் அது 63 மீட்டர் ஆகிவிடும். கண் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியில் ஓடும் 22 மீட்டரை இரண்டோடும் கூட்டிக்கொள்ளுங்கள். எனவே நெல்லோ சேறோ தென்பட்டால், அதற்கு முன்னால் இருக்கும் சுத்தமான தாரிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அதன் மேல் போகும்போது வண்டி நேராக நிற்க, ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, முன் பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும்.

ஏபிஎஸ் வேலை செய்யும்போது லிவர் கைக்குள் படபடவென்று துடிக்கும். முதல்முறை அதை உணர்பவர்கள் பயந்து பிரேக்கை விட்டுவிடுகிறார்கள். வண்டி வந்த வாரத்திலேயே ஆளில்லாத, சுத்தமான தரையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியைச் சாய்க்காமல் நேராக ஓட்டிப் பத்துமுறை பிரேக் பிடித்துப் பழகிவிடுங்கள்.

உச்ச எண்ணை மட்டும் பார்ப்பது

சிபிஆர்650ஆர் 95 பிஎஸ், ஜிஎஸ்எக்ஸ்-8ஆர் 83 பிஎஸ். எண்ணைப் பார்த்தால் முதலாவதுதான் வேகம். ஆனால் சிபிஆர் தன் 95-ஐ 12,000 ஆர்பிஎம்மில் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) தருகிறது, அதன் 63 என்எம் டார்க், அதாவது இழுவிசை, 9,500-ல் வருகிறது. சுசுகியின் 78 என்எம் 6,800-லேயே கைக்கு வந்துவிடும். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-ல் வைத்த உச்சவரம்பே மணிக்கு 80 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் ஆறாவது கியரில் என்ஜின் 12,000-ன் பக்கமே போகாது. தஞ்சாவூர்-விக்கிரவாண்டிச் சாலையில் ஒரு பேருந்தை முந்த வேண்டுமென்றால், 4,000-லிருந்து 7,000 ஆர்பிஎம்முக்குள் என்ன இழுவை இருக்கிறது என்பதுதான் கணக்கு. இந்த இடத்தில் நின்ஜா 650-ன் 68 பிஎஸ்ஸைக் குறைவாக நினைப்பவர்கள் ஓட்டிப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள். அதன் 64 என்எம் 6,700-லேயே வந்துவிடுகிறது.

நான்கு சிலிண்டர் வண்டி மோசம் என்பதல்ல. அந்தச் சத்தத்துக்கும் வழுவழுப்புக்கும் ஈடே இல்லை. ரேஸ் டிராக்கில் ஓட்டுகிற எண்ணம் இருந்தால் இசட்எக்ஸ்-6ஆர் பக்கம்தான் போக வேண்டும். தினமும் கும்பகோணம் கடைத்தெருவிலும் ரயில்வே கேட்டிலும் நிற்கப்போகிற வண்டிக்கு அது கணக்கு அல்ல.

எடையில் ஒரு பழைய தந்திரம் இன்னும் ஓடுகிறது. ஒரு வண்டிக்கு எண்ணெய், பெட்ரோல் இல்லாத வெற்றெடையும் இன்னொன்றுக்கு எல்லாம் நிரப்பிய கெர்ப் எடையும் ஒரே பட்டியலில் வந்துவிடும். ஆர்எஸ் 660-க்குச் சில இடங்களில் 169 கிலோ என்று இருக்கும், அது வெற்றெடை. கெர்ப் எடை 183. நின்ஜா 650-ன் 196-உம் டேடோனாவின் 201-உம் கெர்ப் எடைகள். 169-ஐ 201-ஓடு வைத்துப் பார்த்தால் 32 கிலோ வித்தியாசம், உண்மையில் 18 தான். ஆற்றலிலும் பிஎஸ், பிஎச்பி இரண்டும் கலந்து வரும். 100 பிஎஸ் என்பது 98.6 பிஎச்பி. சக்கரத்தில் அளந்த எண் என்றால் அதைவிடவும் குறையும்.

பழைய விலையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸும் சேர்த்து 31. 350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. அடிப்படை விலை மாறாவிட்டாலே பெரிய வண்டி கிட்டத்தட்ட 7 சதவீதம் ஏறும், சின்னது 8 சதவீதம் இறங்கும். ஜிஎஸ்எக்ஸ்-8ஆர் 2024 அக்டோபரில் 9.25 லட்சம், டேடோனா 2024 ஆகஸ்டில் 9.72 லட்சம் என்று சொல்லும் பழைய வீடியோக்கள் இன்று ஒப்பீட்டுக்கு உதவாது. 312 சிசி டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கும் 373 சிசி ஆர்சி 390-க்கும் நடுவிலேயே வரி பிரிந்துவிட்டது.

ஷோரூம் விலைக்கு மேல் தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுட்கால வரி 12 சதவீதம். 8 லட்சம் வண்டிக்கு அதுவே 96,000 ரூபாய். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 350 சிசிக்கு மேல் 2022 கட்டண விகிதப்படி 15,117 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும். சொந்தச் சேதக் காப்பீடு தனி. பதிவுக் கட்டணம் உட்பட வரிவரியாக எழுதிக் கையெழுத்திட்ட ஆன்-ரோடு கணக்கை ஒரே வாரத்தில் ஒவ்வொரு ஷோரூமிலும் வாங்குங்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் எதற்கென்று கேட்டு நீக்கச் சொல்லுங்கள்.

வண்டிகளுக்குள் தரவேறுபாடும் விலையில் மறைந்திருக்கும். ஜிஎஸ்எக்ஸ்-8ஆரில் கிளட்ச்சைப் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குவிக்‌ஷிஃப்டர் வண்டியோடு வருகிறது. டேடோனாவில் அது தனியாக வாங்கிப் பூட்ட வேண்டியது. நின்ஜா 650-ல் கிடையாது. டயரையும் பாருங்கள். நின்ஜா 650-க்குப் பின்னால் 160/60, மற்றவற்றுக்கு 180/55. 180 அகல ஸ்போர்ட் டயரில் முன்பின் சேர்த்து மாற்றினால் முப்பதாயிரத்தை எளிதாகத் தாண்டும், 10,000 கிலோமீட்டர் வந்தால் நல்ல ஆயுள். தலைக்கவசம், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் என்று குறைந்தது 40,000-ஐ வண்டிப் பணத்திலிருந்தே முதலில் ஒதுக்கிவையுங்கள். வண்டியில் பாதுகாப்பு அம்சங்களை எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டு, கடைசியில் 1,200 ரூபாய் ஹெல்மெட்டோடு கிளம்புவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

ஷோரூம் தரையில் உட்கார்ந்து உயரத்தை முடிவுசெய்வது

சீட் உயரம் நின்ஜாவுக்கு 790 மில்லிமீட்டர், டேடோனாவுக்கும் சுசுகிக்கும் 810, இசட்எக்ஸ்-6ஆருக்கு 830. ஷோரூம் தரை மட்டமாக இருக்கும், இரண்டு காலும் ஊன்றும். நம் கிராமச் சாலைகளோ தார் மேல் தார் போட்டு உயர்ந்து, ஓரம் அரையடி பள்ளமாகி, அதை அடுத்து வாய்க்கால். எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கி நிற்கும்போது இடதுகால் தேடும் தரை அங்கே இருக்காது. 200 கிலோ வண்டி ஒருமுறை சாய ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. அதனால் டெஸ்ட் ரைடில் ஓரத்தில் இறக்கி நிறுத்தி, கால் ஊன்றி, மறுபடி மேலே ஏற்றிப் பாருங்கள்.

தரை இடைவெளி இன்னும் முக்கியம். சாலை அமைப்பு விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாகச் சாய்வாக இருக்க வேண்டும். ஊருக்குள் ராவோடு ராவாகப் போட்டது அப்படி இருக்காது, குறுகலாகவும் செங்குத்தாகவும் நிற்கும். நின்ஜா 650-க்கு இடைவெளி 130 மில்லிமீட்டர், சைலன்சர் அடிவயிற்றிலேயே இருக்கிறது. ஜிஎஸ்எக்ஸ்-8ஆருக்கு 145. அந்த 15 மில்லிமீட்டர் பின்சீட்டில் ஒருவர் ஏறியதும் பெரிதாகத் தெரியும். ஆள் ஏறினால் சஸ்பென்ஷன் அமுங்கி இடைவெளி இன்னும் குறையும். வேகத்தடையைச் சற்றுக் குறுக்காக, முதல் கியரில், பிரேக்கை விட்டுவிட்டு ஏறுங்கள். பிரேக் பிடித்தபடி ஏறினால் முன்பக்கம் தாழ்ந்து முதலில் அதுவே தட்டும்.

டெஸ்ட் ரைடைக் காலை 7 மணிக்கு எடுக்காமல் மதியம் 1 மணிக்கு, குறைந்தது 20 நிமிடம் எடுங்கள். ஃபேன் ஓட ஆரம்பித்ததும் சூடான காற்று தொடையில் அடிக்கிறதா, காலுக்கு வெளியே போகிறதா என்பது சித்திரை வெயிலில்தான் தெரியும்.

சர்வீஸ் தூரத்தை மறப்பது

இந்த வண்டிகளுக்குச் சர்வீஸ் பெரும்பாலும் திருச்சியிலோ அதற்கு அப்பாலோதான். நாகப்பட்டினத்துக்காரருக்குத் திருச்சி போகவே ஏறத்தாழ 140 கிலோமீட்டர். டேடோனாவுக்குச் சர்வீஸ் இடைவெளி 16,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். இத்தகைய நீண்ட இடைவெளி நம் பகுதிக்குக் கையில் காசு மாதிரி. பிரேக் பேடு, கிளட்ச் கேபிள், ஆயில் ஃபில்டர், பக்கவாட்டு இண்டிகேட்டர் ஆகிய நான்கும் கையிருப்பில் இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். தயங்கினால், சின்ன விழுகைக்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் கடற்காற்று படும் வண்டிக்குச் சங்கிலி, டிஸ்க், ஃபோர்க் குழாய் ஆகியவற்றை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு மட்டும் லூப் (மசகு எண்ணெய்) அடிக்க வேண்டும். டிஸ்க்கில் அந்த எண்ணெய் ஒரு சொட்டு தெறித்தாலும் பிரேக் வழுக்கும்.

காப்பீட்டில் 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பிரிவைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும் தெரு டெல்டாவில் எங்கும் உண்டு. தண்ணீர் உள்ளே போன என்ஜினை ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். சாதாரணக் காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். ஏர் ஃபில்டர் பெட்டிவரை தண்ணீர் ஏறியிருக்கலாம் என்று தோன்றினால் ஸ்டார்ட் பட்டனைத் தொடவே கூடாது. தண்ணீர் எதுவரை நின்றது என்று தெரியும்படி நின்ற இடத்திலேயே புகைப்படம் எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, பிளாட்பெட் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.