பழைய கல்லறுக்கும் ரம்பத்தை நம்மூர் மோட்டாருக்கு மாற்றுவது எப்படி?

காங்கேயம் பக்கம் காட்டில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) பொறுக்குகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இதை அறுத்துப் பார்க்கும் ஆசை வந்தே தீரும். நொய்யல் கரைக் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கல்மணி செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு மோட்டார் இல்லை. நமக்குக் கோயம்புத்தூர் இருக்கிறது.

என்னுடைய ரம்பம் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைத்தது. "என்னமோ எண்ணெய்த் தொட்டிங்க" என்றார் கடைக்காரர். தகரத் தொட்டி, அதற்குள் அடிப்பகுதி மூழ்கும்படி விளிம்பில் வைரத்துகள் பதித்த ஒரு வட்ட பிளேடு, பக்கத்தில் தண்டவாளம் போன்ற கம்பிகளில் நகரும், கல்லைப் பிடிக்கும் வைஸ், மேலே மூடி: இவ்வளவும் இருந்தால் அது கல்லறுக்கும் ரம்பம்தான்.

முதலில் மோட்டார் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். 115 வோல்ட், 60 சைக்கிள், 1725 சுற்று என்றிருந்தால் அமெரிக்கச் சரக்கு. ஹெர்ட்ஸ் என்று போடாமல் சைக்கிள் என்று போட்டிருந்தால் வயதும் அதிகம். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும்.

அடுத்து பிளேடு மாட்டியிருக்கும் ஷாஃப்டை வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். எனக்கு 15.88 மி.மீ. வந்தது. 16 என்று நினைத்துவிட வேண்டாம், அது 5/8 அங்குலம். 16 மி.மீ. துளையுள்ள பிளேடு மாட்டினால் ஆடும். 20 மி.மீ. துளை பிளேடு வாங்கி, இடைவெளியை நிரப்பும் புஷ் வளையத்தை லேத்தில் கடைந்து போடலாம். நட்டு இறுகியிருந்தால் சுத்தியல் எடுக்கும் முன், இடதுபுறத் திருகோ (வலப்பக்கம் சுற்றினால் கழல்வது) என்று பாருங்கள்.

சரி, மோட்டார். அரை எச்.பி., 1440 சுற்று, ஒற்றை ஃபேஸ் போதும். நான் அதை மட்டும் மாற்றிவிட்டுப் பெல்ட் ஓடும் பழைய சக்கரத்தை, அதாவது புல்லியையே, விட்டுவைத்தேன். லேத் பட்டறை அண்ணன் சிரித்தார்: "ஏந்தம்பி, மோட்டாரு நம்மூருது, புல்லி மட்டும் அந்த ஊருதா?" கணக்கு இதுதான். மோட்டாரில் 2 அங்குலம், ஷாஃப்டில் 4 அங்குலம் என்றால் பழைய மோட்டாரில் பிளேடு சுமார் 860 சுற்று ஓடியிருக்கும். புதியதில் 720 தான். மோட்டார் புல்லியை 2.5 அங்குலமாக்கினால் 900. 10 அங்குல பிளேடின் விளிம்பு அப்போது நிமிடத்துக்குச் சுமார் 720 மீட்டர் ஓடும். கடினக் கல்லுக்கு அது சரியான வேகம். பிளேடில் எழுதியிருக்கும் உச்ச வேகத்தையும், அம்புக்குறித் திசையையும் மறக்காமல் பாருங்கள்.

அப்புறம் வைஸ். அதில் ஒரு ஆணியைப் பிடிக்கவைத்து, நுனி பிளேடின் முன்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். வைஸைப் பின்விளிம்புவரை தள்ளுங்கள். இடைவெளி மாறினால் வைஸ் கோணல். நான் இதைத் தாண்டிப் போனதால் முதலில் அறுத்த கல் பலகையின் தடிமன் ஒரு பக்கம் 5 மி.மீ., மறுபக்கம் 3.

வைஸைப் பிளேடை நோக்கி இழுக்கத் தொங்கும் இரும்பு எடைக்குப் பதில் தண்ணீர் பாட்டில் கட்டினேன். மோட்டார் சத்தம் இறங்கினால் கொஞ்சம் தண்ணீரைக் கொட்டிவிடலாம்.

தொட்டியில் லேசான மினரல் ஆயில், பிளேடு ஒரு செ.மீ. மூழ்கும் அளவு. மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார்கள், ஊற்றாதீர்கள், தீப்பிடிக்கும். எண்ணெய் இல்லாமல் உலர்வாக அறுக்கவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். எர்த், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, பெல்ட்டுக்கு மூடி, கண்ணாடி, மாஸ்க் எல்லாம் கட்டாயம்.

வெட்டு மந்தமானால் செங்கலை இரண்டு முறை அறுங்கள், வைரத்துகள் மறுபடி வெளியே வரும். ஓடும்போது டீ குடிக்கப் போகாதீர்கள். கல்லின் கடைசி நூலளவு அறுபடும்போதுதான் துண்டு உடைந்து பிளேடில் சிக்கும்.