தப்பையும் பைலாவையும் ஒரே பாட்டில் சேர்ப்பது எப்படி

கல்யாண வீட்டு பேண்டில் ஆறு வருஷம் பேஸ் கிற்றார் வாசித்தேன், முழுக்கப் பைலா, அதாவது இலங்கையின் ஆட்டப் பாட்டு. அப்புறம் நண்பர்களோடு ராப், கொஞ்ச காலம் ரெகே. இப்போது தப்பை, நம் தோட்டத்துத் தோல் மேளத்தை, நடுவில் வைத்துப் பாட்டு செய்கிறேன். பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை. மலையகத்து ஹட்டனில் தகரக் கூரை போட்ட ஒரு அறை, ஒரு லெப்டொப், இரண்டு மைக், அவ்வளவுதான். "இதையெல்லாம் எப்படிண்ணே ஒட்ட வைக்கிறீங்க?" என்று தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். ஒட்ட வைக்கப் பார்த்த பாட்டெல்லாம் எனக்குப் பிய்ந்துதான் போனது. இரண்டு இசையும் தானாகவே பொருந்துகிற இடம் ஒன்று உண்டு. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அந்த இடம் தாளத்தில் இருக்கிறது. பைலா 6/8, ஆறு தட்டும் மூன்று மூன்றாகப் பிரியும். தப்பில் நம் ஆட்கள் அடிக்கிற பல அடிகள் திஸ்ர நடை. அதுவும் மூன்றின் கணக்கு. பாட்டிமார் பாடுகிற தாலாட்டிலும் இதே நடை நிறைய வரும். ரெகேயும் ஹிப் ஹொப்பும் நான்கில் நடக்கும். சரி, மூன்றும் நான்கும் எங்கே சந்திக்கும்? பன்னிரண்டில். காலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மெதுவாக மிதியுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் கையால் "தகிட" என்று மூன்று தட்டுங்கள். கால் ரெகே, கை தப்பு. தட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேச முடிகிறவரை லெப்டொப்பைத் திறக்க வேண்டாம்.

பிறகு பேஸைக் காலுக்குக் கொடுங்கள், கையைத் தப்புக்கே விட்டுவிடுங்கள். ஹிப் ஹொப் பீட்டில் ஹை-ஹெட் (ட்ரம்ஸின் ஜோடித் தட்டு) பெரும்பாலும் நான்கு நான்காக வெட்டி ஓடும். தப்பின் மூன்றோடு அது மோதினால் சத்தம் கலங்கிவிடும். நான் முதலில் எடுப்பது அந்த ஹை-ஹெட்டைத்தான்.

இந்த வழியில் நமக்கு முன்னே நடந்தவர்கள் உண்டு. 1960களின் கடைசியிலும் 70களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் பைலாத் தாளத்தில் தமிழ்ச் சொற்களை உட்கார வைத்தார்கள். அவர்கள் பாட்டுகளைப் பென்சிலும் தாளுமாகக் கேளுங்கள். குறில் எந்தத் தட்டில் விழுகிறது, நெடில் எத்தனை தட்டுக்கு இழுபடுகிறது என்று குறியுங்கள். பைலாவுக்குத் தமிழில் வரி எழுத நான் படித்தது அப்படித்தான். இலங்கைத் தமிழ் வேருள்ள பிரிட்டிஷ் ராப் பாடகி எம்.ஐ.ஏ. தன்னுடைய 2007 தொகுப்புக்காகச் சென்னையில் உறுமிக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். அந்த உறுமியை எடுத்துவிட்டால் பாட்டு நிற்காது. உங்கள் தப்புக்கும் அதே சோதனைதான்: தப்பை மட்டும் மியூட் பண்ணிப் பாருங்கள். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் தப்பு அங்கே மேல்பூச்சு. திரும்பத் தொடங்குங்கள்.

அடுத்தது, அடியைக் கேட்டு வாங்குவது. இதில் நான் பிழை செய்திருக்கிறேன். ஒரு சாவு வீட்டில் போனில் பிடித்த அடியை வெட்டி, ஆட்டப் பாட்டு ஒன்றில் சுற்ற விட்டேன். அதைக் கேட்ட எங்கள் தோட்டத்துத் தப்புக்காரத் தாத்தா, "தம்பி, இது பொணத்த தூக்குற நேரத்து அடி. இதுக்கா ஆடச் சொல்ற?" என்றார். அன்றைக்கே பாட்டை எடுத்துவிட்டேன். சாமிக்கு அடிப்பது வேறு, சாவுக்கு அடிப்பது வேறு, மாசியில் காமன், ரதி கதையை ஆடுகிற காமன் கூத்துக்கு அடிப்பது வேறு. ஒரு காலத்தில் விடியுமுன்னே ஆட்களைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கிற இடத்துக்கு) எழுப்பியதும் தப்புதான். சாதியைச் சொல்லி இந்தத் தோலைத் தள்ளி வைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வலியைத் தாங்கிய கைகளிடம்தான் நாம் அடியைக் கேட்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து, அடியின் பெயர் என்ன, எப்போது அடிப்பது, பாட்டில் வைக்கலாமா என்று கேளுங்கள். வேலை நாளில் கூப்பிட்டால் அவர்களுக்கு ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போய்விடும், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். அடித்து முடித்த கையோடு காசைக் கொடுங்கள்.

பதிவுக்கு எங்கள் பக்கத்தில் ஜனவரி நல்ல மாதம். மே கடைசி தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தகரத்தின் மேல் விழுகிற சத்தத்தில் எதுவும் பதியாது. மாசியில் தப்புக்காரர்கள் காமன் கூத்துக்குப் போய்விடுவார்கள்.

பனியில் தோல் தொய்ந்துவிடும். சருகைக் கொளுத்தி, தப்பைத் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காய்ச்சுவார்கள். ஹட்டன் குளிரில் அந்தச் சுருதி எனக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை. அதனால் ஒத்திகை, மைக், லெவல் எல்லாம் காய்ச்சுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இரண்டு தப்பு இருந்தால் ஒன்று அடிபடும்போது மற்றது நெருப்பில் இருக்கலாம். பாட்டின் சுருதியைத் தப்புக்குப் பின்னால் முடிவு செய்யுங்கள். கிற்றாரை முறுக்குவது லேசு, தோலை முறுக்குவது கஷ்டம்.

அறைக்குள் எதிரொலி அதிகம் என்பதால் நான் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) வாசலில் பதிகிறேன், பின்னால் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டு. மைக் நாலடி தள்ளி, தோலுக்கு நேரே இல்லாமல் கொஞ்சம் சரிவாக. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். உச்ச அடி மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் லெவலை வையுங்கள். குச்சியடி திடீரென்று எகிறும்.

தாளம் காட்டுகிற க்ளிக் சத்தத்தைக் காதில் மாட்டி அவர்களை அடிக்கச் சொல்லாதீர்கள். சேர்ந்து அடிக்கும்போது வேகம் கூடும், அந்த ஏற்றத்துக்காகத்தான் அவர்களைக் கூப்பிட்டோம். அடித்து முடிந்தபின் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் நாலு சுற்றுக்கு ஒருமுறை முதல் அடியைக் குறித்து டெம்போ மெப் (வேகம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) போட்டு, பேஸை அதன்மேல் வாசியுங்கள்.

வெளியிடுவது பற்றிச் சுருக்கமாக. ராப் போட்டாலும் பைலா போட்டாலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல்; மாறினால் உங்கள் பக்கம் இரண்டாக உடையும். தப்புக்காரர்கள் பெயரையும் கலைஞர் பட்டியலில் போடுங்கள். ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது, ஆனால் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடினால்தான் காசு. கூலியை அதை நம்பி வைக்காதீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளியிடுவதற்கு முன் பாட்டை எடுத்துக்கொண்டு அதே லயத்துக்குப் போங்கள். சின்ன ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அடித்தவர்களின் முகத்தை விடக் கையைப் பாருங்கள். விரல்கள் தொடையில் தானாகத் தட்டும். எந்த இடத்தில் அந்தத் தட்டு தடுமாறி நிற்கிறதோ, அந்த நிமிஷத்தையும் செக்கனையும் குறித்துக்கொண்டு வந்து, அங்கிருந்து மிக்ஸைத் திரும்பத் திறங்கள்.