காபி கிரைண்டர் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வறுத்த காபிக்கொட்டையை வீட்டிலேயே அரைத்துக் குடிக்கும் ஆர்வம் இப்போது பரவி வருகிறது. யோசனை கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் கிரைண்டரை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் தொடக்கத்தில் பணத்தை விட்ட அதே இடங்களில் அவர்களும் விடுவதைப் பார்த்துப் பார்த்தே இதை எழுதுகிறேன். காற்றுப்புகாத டப்பா, அன்றன்று அரைப்பது போன்றவை அனைவரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எத்தனை எண்கள் என்று பார்த்து வாங்குவது

பெட்டியின் மேல் "60 அரவை நிலைகள், பிரெஞ்ச் பிரஸ் முதல் எஸ்பிரஸோ வரை" என்று அச்சிட்டிருப்பதை நம்புவதுதான் அதிகப் பணத்தை விழுங்கும் தவறு. இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குத் திருப்பும்போது அரைக்கும் பற்களின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதையே பார்க்க வேண்டும். அதைப் பெட்டியில் யாரும் போடுவதில்லை.

பிரெஞ்ச் பிரஸ் என்னும், சல்லடையை அழுத்திக் காபியை வடிக்கும் குடுவையில் கொரகொரப்பான பொடி வெந்நீரில் 4 நிமிடம் ஊறுவதால், அரவை சற்று முன்பின் இருந்தாலும் சுவை பெரிதாகக் கெடாது. நம் பித்தளை பில்டரில் டிகாக்‌ஷன் தானாகவே மெல்ல இறங்குகிறது. மிகவும் நைஸானால் அடைத்துக்கொள்ளும், கொரகொரப்பானால் நீர்த்துப்போகும் என்பதைத் தவிர அதுவும் பொறுத்துப்போகும். எஸ்பிரஸோ அப்படிப்பட்டதல்ல. சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீர் பாய்ந்து, 18 கிராம் பொடியிலிருந்து 36 கிராம் காபி 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அரவையில் 10 மைக்ரான் மாறினாலே, அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு மாறினாலே, அந்த நேரம் கண்ணுக்குத் தெரியும்படி மாறிவிடுகிறது.

என் உறவினர் ஒருவர் பெரும்பணம் கொடுத்து எஸ்பிரஸோ மெஷின் வாங்கி, மீந்த தொகையில் இத்தகைய மோட்டார் கிரைண்டர் ஒன்றை வாங்கினார். 5ஆம் எண்ணில் அரைத்தால் 15 வினாடியில் வெளிறிய நீராகக் கொட்டியது. 4ஆம் எண்ணுக்குத் திருப்பினால் ஒரு நிமிடம் ஆகியும் கறுப்பாகச் சொட்டுச் சொட்டாகவே இறங்கியது. அவருக்கு வேண்டிய அரவை இரண்டுக்கும் நடுவே இருந்தது. அங்கே நிறுத்த அந்தக் கிரைண்டரில் வழியில்லை. கிரைண்டரை விற்ற கடைக்காரரோ மெஷினில் பிரஷர் போதவில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு குறையும் இல்லாத மெஷின் சர்வீஸுக்குப் போய், எந்த மாற்றமும் இல்லாமல் திரும்பி வந்தது.

எனவே, எஸ்பிரஸோ போடுவதாக இருந்தால் எண்களே இல்லாமல் நுணுக்கமாகத் திருப்பக்கூடிய கிரைண்டரையோ, ஒரு கிளிக்குக்கு, அதாவது திருப்பும் ஒவ்வொரு படிக்கும், ஏறத்தாழ 10 மைக்ரான் மட்டுமே பற்கள் நகரும் கை கிரைண்டரையோ வாங்குங்கள். கையில் இருக்கும் தொகையை முதலில் கிரைண்டருக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் மெஷினைத் தேடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், மெஷினில் பொடி நிரப்பும் சாதாரணக் கூடைக்குப் பதிலாக, அடியில் ஒரே ஒரு நுண்துளை வழியாகக் காபியை விடும் பிரஷர் கூடையைப் பயன்படுத்தலாம். அரவையின் குறையை அது ஓரளவு ஈடுகட்டும். பில்டரும் பிரெஞ்ச் பிரஸ்ஸும் மட்டுமே போடும் வீட்டில் ஒரு கிளிக்குக்கு 30 மைக்ரான் நகரும் கிரைண்டரே தாராளம்.

பிளேடு சுழலும் கிரைண்டர்

மிக்ஸியைப் போல இதுவும் கொட்டையை வெட்டுகிறதே தவிர ஒரே அளவாக அரைப்பதில்லை. தூள் அதிகமாகச் சாறு விட்டுக் கசக்க, அரைபடாத துண்டுகள் சரியாக இறங்காமல் புளிக்க, இரண்டும் ஒரே கோப்பையில் வந்து சேரும். காகித பில்டரில் போட்டால் தூள் அடைத்து நீரும் இறங்காது.

கொள்ளளவைப் பார்க்காமல் விடுவது

கை கிரைண்டர்கள் பலவற்றில் ஒரு தடவைக்கு 20 முதல் 30 கிராம் கொட்டைதான் பிடிக்கும். நான்கு பேருக்கு டிகாக்‌ஷன் போடும் வீட்டில் காலை அவசரத்தில் இரண்டு தடவை கையால் சுற்ற வேண்டியிருக்கும்.

மோட்டார் நின்றிருக்கும்போது நைஸாக்கித் திருப்புவது

பற்களுக்கு நடுவே சிக்கிய கொட்டை நசுங்கி, திருப்பும் மரை பழுதாகலாம். மோட்டாரை ஓடவிட்டே திருப்புங்கள். அளவை மாற்றிய பின் வரும் முதல் இரண்டு மூன்று கிராம் பழைய அரவை என்பதால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

சிக்கரியைச் சேர்த்து அரைப்பது

வேண்டாம். அது ஈரத்தை இழுத்துப் பற்களில் அப்பிக்கொள்ளும்; அரைத்த பிறகு கலந்துகொள்ளுங்கள்.

அரிசி போட்டுச் சுத்தம் செய்வது

கூடாது. வறுத்த கொட்டையைவிடப் பச்சரிசி கடினமானது. பற்களைக் கழற்றிப் பிரஷ்ஷால் துடைத்தாலே போதும்.