மின்சாரக் காருக்கு மாறும்போது வேலூரில் நடக்கும் தவறுகள்

காட்பாடி காந்தி நகரில் சென்ற கோடையில் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி எடுத்த 15 ஆம்ப் பிளக் பாயிண்ட் ஒன்று இன்னும் என் கருவிப் பெட்டியில் கிடக்கிறது. வலப்பக்கத் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் உருகி வழிந்திருக்கிறது. ஓரத்தில் தேன் நிறம். நடுவில் சுத்தக் கரி. பின்பக்கம் ஒயரின் மேலுறை விரல் நீளத்துக்கு வெந்து, தொட்டால் உதிர்கிறது. அந்த வீட்டில் இரண்டு மாதமாக அதில்தான் புதிய மின்சாரக் காருக்கு இரவெல்லாம் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை நினைத்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டு வயரிங் என் தொழில். மூன்று ஆண்டுகளாக நானும் மின்சாரக் கார்தான் ஓட்டுகிறேன். அதனால் வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாம் இதே கேள்விதான்: "பெட்ரோல் காரே எடுக்கலாமா, மின்சாரத்துக்கு மாறிவிடலாமா?" குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. ராணிப்பேட்டையிலேயே மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை ஓடுகிறது. பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். கண்ணெதிரே காலம் மாறுவதுபோல் இருக்கிறது. அதே நேரம், 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்து விலை இறங்கியது. மின்சாரக் காருக்கு முன்பிருந்த 5 சதவீதமே தொடர்கிறது. இன்னொரு பக்கம், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காருக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற கவலை. எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் மனிதர்கள் அவசரப்படுகிறார்கள். அந்த அவசரத்தில் நடக்கும் தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் தவறு, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்று பார்க்காமல் ஷோரூமுக்குப் போவது. பழைய காரின் சர்வீஸ் ரசீதுகளை எடுத்தாலே கணக்கு கிடைத்துவிடும். ஒரு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 ரூபாய் 70 காசு ஆகிறது. வீட்டிலேயே சார்ஜ் போட்டு ஓட்டும் மின்சாரக் காருக்கு ஒன்றரை ரூபாய். மிச்சம் ஐந்து ரூபாய் சொச்சம். வாங்கும்போது மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அது திரும்பி வர 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினமும் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு வந்து போகிறவருக்கு அது சுமார் இரண்டு ஆண்டு. சத்துவாச்சாரியிலிருந்து கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் காரை எடுத்து மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பன்னிரண்டரை ஆண்டு. இரண்டாமவரிடம் நான் எப்போதும் ஒன்றுதான் சொல்வேன்: இருக்கிற கார் நன்றாக ஓடினால் அதை ஓட்டுங்கள். புகை குறைய வேண்டும் என்ற அக்கறை இருந்தால், தினமும் ஓடும் ஸ்கூட்டரை முதலில் மாற்றுங்கள். செலவும் குறைவு, பலனும் உடனே தெரியும்.

அடுத்தது கரண்ட் பில். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் என்று சொன்னேனே, அது எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருக்காது. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். மேலே போகப் போக விலை ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு விலை கூடுவதோடு கீழே உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையும் போய்விடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாதத்தில் சுமார் 325 யூனிட் ஆகும். ஏற்கெனவே 400 யூனிட் எரிக்கும் வீடு 725-க்குப் போகும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, சுமார் 1,200 ரூபாய் பில் 4,100-ஐத் தாண்டும். பெட்ரோலுக்குப் போன பணத்தோடு ஒப்பிட்டால் இது லாபம்தான். ஆனால் வீட்டில் இரண்டு ஏ.சி. ஓடி, முன்பே 800, 900 யூனிட் வருகிற குடும்பத்துக்கு காரின் மின்சாரம் முழுவதும் பத்தரை ரூபாய்க்கு மேலான விலையில் விழும். அவர்களுக்கு அந்த ஒன்றரை ரூபாய் கணக்கு செல்லாது.

அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கூரையில் சூரிய மின்தகடு போடச் சொல்கிறேன். 3 கிலோவாட் அமைப்புக்கு மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு அது நாளொன்றுக்கு 12 யூனிட் அளவில் கொடுக்கும். பகலில் கார் வீட்டில் இல்லாவிட்டாலும், உற்பத்தியான மின்சாரம் மின்வாரியத்துக்குப் போய் பில்லில் கழிந்துவிடும்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். இதில்தான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2022 மார்ச்சில், நம் வேலூரிலேயே, இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டின் விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அவை நடைமுறைக்கு வந்தன. பேட்டரியைப் பொறுத்தவரை நிலைமை தேறியிருக்கிறது. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒயர் மட்டும் அன்றிருந்தபடியேதான் இருக்கிறது.

15 ஆம்ப் பிளக் பாயிண்டில் கீசர் ஓடுவதில்லையா என்று கேட்பார்கள். கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். ஸ்குரூ அரைச்சுற்று தளர்ந்திருந்தாலும் அந்த இடம் இரவு முழுவதும் சூடேறிக்கொண்டே இருக்கும். காந்தி நகர் வீட்டில் நடந்தது அதுதான். ஆகவே காருக்கென்று மீட்டர் பெட்டியிலிருந்தே தனி ஒயர் இழுக்க வேண்டும். 4 ஸ்கொயர் எம்.எம். தாமிரத்துக்குக் குறையக் கூடாது. அதற்கென்று தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இன்வெர்ட்டர் லைனில் செருகக் கூடாது. சார்ஜ் போட்ட முதல் வாரத்தில், ஒரு மணி நேரம் கழித்து சார்ஜை நிறுத்திவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம்; கை வைக்க முடியவில்லை என்றால் அந்தப் பாயிண்டை அன்றே மாற்றுங்கள்.

எர்த் விஷயம் இதைவிட மோசம். காரோடு வரும் சார்ஜர் எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு காட்டி, சார்ஜ் ஏற்ற மறுக்கும். நம் பகுதி பாறை நிலம். மழைக்காலத்தில் நன்றாக இருக்கும் எர்த், சித்திரை வந்தால் மண் காய்ந்து செத்துவிடும். குழியைச் சீர்செய்யக் கூலியும் நேரமும் ஆகும் என்பதால், சிலர் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறார்கள். விளக்கு பச்சையாகிவிடும், சார்ஜ் ஏறும், வீட்டுக்காரரும் கூலி கொடுத்து அனுப்பிவிடுவார். அந்த வீட்டின் நியூட்ரல் ஒரு நாள் எங்காவது அறுந்தால், காரின் உடம்பு முழுவதும் மின்சாரம் பாயும். ஈரக் காலோடு கதவைத் திறக்கிற பிள்ளையின் கதி என்ன ஆகும்? இந்த வேலையைச் செய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் வீட்டுக்குள் விடாதீர்கள். எர்த் குழியில் கோடை முழுவதும் வாரம் இருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் புதிய குழி தோண்டுங்கள்.

7 கிலோவாட் சார்ஜர் மாட்ட விரும்புகிறவர்கள் வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று முதலில் மின் கட்டண அட்டையில் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு மின்வாரிய அலுவலகத்தில் மனுப்போட்டுக் கூட்டிய பிறகே அது பொருந்தும். மே மாத இரவு எட்டு மணிக்குத் தெருவில் எல்லா ஏ.சி.யும் ஓடும்போது என் மீட்டரில் 190 வோல்ட்டுதான் காட்டும். அந்த நேரத்தில் சார்ஜர் தானே நின்று நின்று ஓடும். நள்ளிரவுக்கு மேல் தொடங்கும்படி நேரம் வைத்துவிட்டால் வீட்டுக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது.

வெயில் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பேட்டரிக்கும் கத்திரி வெயில் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். முழுதாக நிரப்பிய பேட்டரியை 40 டிகிரி தாண்டிய வெயிலில் நாள் கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் அதன் ஆயுளை மிகவும் குறைக்கும். ஊருக்குப் போவதாக இருந்தால் பாதி அளவில் விட்டு, நிழலில் நிறுத்துங்கள். நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டி வந்தவுடன் செருகாமல், சற்று ஆறவிடுங்கள். வாங்கும்போது பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். அந்த வகையை அவ்வப்போது நூறு சதவீதம் நிரப்பினால்தான் மீதி எவ்வளவு என்பதைக் கார் சரியாகக் காட்டும். எப்போதும் எண்பதோடு நிறுத்த வேண்டும் என்று கேள்விப்பட்டதை எல்லாக் காருக்கும் பொருத்தாமல், உங்கள் கையேட்டைப் படியுங்கள்.

தூரக் கணக்கில் ஏமாறுவது இன்னொரு பெரிய தவறு. விளம்பரத்தில் 315 கிலோமீட்டர் என்றால், ஏ.சி. போட்டு, நான்கு பேரும் பெட்டியுமாக நெடுஞ்சாலையில் போகும்போது 200-ஐ ஒட்டித்தான் கைக்கு வரும். நூறில் போவதற்கும் எண்பதில் போவதற்கும் வித்தியாசம் மிகப் பெரியது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. சென்னை 140 கிலோமீட்டர், கீழ்நோக்கிய சமவெளி, கவலையில்லை. பெங்களூரு சுமார் 210 கிலோமீட்டர். ஆனால் அங்கே சேரும்போது நாம் ஏறக்குறைய 700 மீட்டர் மேலே ஏறியிருப்போம். ஆட்களோடு ஒன்றே முக்கால் டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே மூன்று முதல் நான்கு யூனிட் கூடுதலாகப் போகும். அது 25 கிலோமீட்டர் ஓட்டத்துக்கான சார்ஜ். திரும்பும்போது அதில் ஒரு பகுதி கிடைத்துவிடும் என்பதால், போகும்போது இருக்கும் தவிப்பு வரும்போது இருக்காது. முதல் பயணத்தில் நான் வாணியம்பாடி தாண்டி மேடு ஏற ஏற சார்ஜ் சதவீதம் குறைவதைப் பார்த்து, கிருஷ்ணகிரி வரை ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓட்டினேன். பின்சீட்டில் என் அம்மா வியர்த்து ஒழுகினார். அன்றிலிருந்து கிருஷ்ணகிரியில் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை சார்ஜ் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. போகும் முன் வழியிலுள்ள இரண்டு சார்ஜிங் நிலையங்களையாவது பார்த்து வைத்து, கைப்பேசிச் செயலியில் அன்று வேலை செய்கின்றனவா என்று சரிபாருங்கள். அங்கே யூனிட் இருபது ரூபாயை ஒட்டியோ மேலேயோ இருக்கும்.

ஏலகிரிக்குப் போகிறவர்கள் மலைமேல் தங்கும் விடுதியில் நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்குகிறார்கள். இறங்கும்போது மோட்டாரே காரைப் பிடித்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரி நிறைந்திருந்தால் அனுப்ப இடமில்லை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். எண்பதோடு நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், உள்ளே இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் கார் கிளம்பாது. மாதக்கணக்கில் சும்மா நிறுத்தாதீர்கள். சாலை வரி விலக்கு காலக்கெடு வைத்துக் கொடுக்கப்படுவது. பதிவு செய்யும் நாளில் என்ன ஆணை இருக்கிறது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததுபோல் மறுபடி வந்து, கார் தண்ணீரில் நின்றிருந்தால், சார்ஜ் போட்டுப் பார்க்காமல் சர்வீஸ் மையத்துக்கு இழுத்துப் போகச் சொல்லுங்கள். பழைய மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் ஓடிய கிலோமீட்டரைவிட பேட்டரியின் மீதித் திறன் எத்தனை சதவீதம் என்ற அறிக்கையைக் கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அது இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் பாருங்கள்.

சென்ற மாதம் பாகாயத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு கட்டுவதைப் பார்க்கப் போயிருந்தேன். "தம்பி, எனக்கு இப்போது மின்சாரக் கார் வேண்டாம். மாதம் முந்நூறு கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். பழைய காரே போதும்" என்றார். "சரியான முடிவு ஐயா. ஆனால் பூச்சு வேலைக்கு முன் மீட்டர் பெட்டியிலிருந்து போர்டிகோவுக்கு ஒரு குழாய் மட்டும் பதித்துவிடலாமா?" என்று கேட்டேன். ஒன்றேகால் இஞ்ச் குழாய், உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு கம்பி, போர்டிகோ ஓரத்தில் தனி எர்த் குழி. அவர் மகன் வரும்போது எந்தக் காரில் வந்தாலும் சுவரை உடைக்க வேண்டியிருக்காது. மறுநாள் காலையிலேயே கொத்தனாரை அழைத்துக் காடி வெட்டச் சொல்லிவிட்டார்.