செம்பருத்தியில் மாவுப்பூச்சியா? வேப்பெண்ணெயை இப்படிக் கலந்து தெளியுங்கள்

எங்கள் மாடியில் இருக்கும் அடுக்குச் செம்பருத்தி மொட்டு விட்டது, ஆனால் ஒன்றுகூட விரியவில்லை. காம்பைத் திருப்பிப் பார்த்தால் பஞ்சை ஒட்டி வைத்ததுபோல் மாவுப்பூச்சி. கீழ் இலைகளில் பிசுபிசுப்பு, அதன்மேல் அடுப்புக்கரி படிந்ததுபோல் கரும்பூசணம். மூன்று வாரத்தில் செடி தேறிவிட்டது. காசு கொடுத்து வாங்கியது வேப்பெண்ணெய் மட்டும்தான்.

அதை நாட்டு மருந்துக் கடையில் வாங்குங்கள். விளக்கேற்ற விற்கும் கலப்பு எண்ணெய் வேண்டாம். இதோடு ஒரு காதி சோப், பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஒரு தெளிப்பான்.

1. முதலில் எறும்பு

மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டிவிடும். அதனால் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதேபோல் அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டியை வையுங்கள். கிளை சுவரில் உரசக்கூடாது. கொசு வராமலிருக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

2. வெட்டு, தேய், கழுவு

மோசமான நுனிகளை வெட்டி சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். மீதியைப் பிரஷால் தேய்த்து, குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாக அடியுங்கள்.

3. கலக்குவது

இங்கேதான் நான் தவறினேன். ஒரு லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெயை அப்படியே ஊற்றிக் குலுக்கித் தெளித்தேன். எண்ணெய் மேலே மிதந்தது. தெளிப்பானின் குழாய் அடியிலிருந்துதான் உறிஞ்சும். அதனால் செம்பருத்திக்குப் போனது வெறும் தண்ணீர், கடைசியாக நின்ற மிளகாய்ச் செடிக்குப் போனது வெறும் எண்ணெய். இரண்டே நாளில் மிளகாய் இலை கருகிவிட்டது.

எண்ணெயை முதலில் சோப்போடுதான் சேர்க்க வேண்டும். சோப்பைக் காய் சீவியில் சீவி, இரண்டு ஸ்பூன் சீவலை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். சின்ன பாட்டிலில் அந்தக் கரைசல் இரண்டு மேசைக்கரண்டி, வேப்பெண்ணெய் 5 மி.லி. விட்டு மூடி நன்றாகக் குலுக்குங்கள். மஞ்சள் நிறம் போய்ப் பால்போல் ஆக வேண்டும். அப்புறம்தான் ஒரு லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ரசத்தின்மேல் மிதப்பதுபோல் எண்ணெய்ப் பொட்டுகள் தெரிந்தால் இன்னும் சோப்புக் கரைசல் சேருங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

4. தெளிப்பது

வெயில் தாழ்ந்தபின், இலையின் அடியிலும் கணுக்களிலும் நனையத் தெளியுங்கள். புதுச் செடி என்றால் ஒரே ஒரு இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டை ஒரே தெளிப்பில் சாகாது. வாரம் ஒருமுறை, மூன்று தடவை அவசியம்.

விரலால் அழுத்தித் தெளிக்கும் பாட்டிலை நான் வைத்துக்கொள்வதில்லை. அதைத் தலைகீழாகப் பிடித்து இலையடியில் அடிக்க முடியாது. காற்றடித்துத் தெளிக்கும் 2 லிட்டர் தெளிப்பான்தான் சரி. பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம், இளந்தளிர் சுருளும். இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் புழுக்களுக்கு நல்லது. மாவுப்பூச்சியின் மெழுகுப் பூச்சைக் கரைக்க எனக்கு சோப்புதான் உதவியது.

பின்னர் சேர்த்தது

"நீங்கள் சொன்னபடியே செய்தேன், திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது" என்று சிலர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால் எல்லார் வீட்டிலும் போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப் திரிந்துவிடும், எண்ணெயும் பிரிந்துவிடும். மழைத் தண்ணீரோ குடிக்க வாங்கும் கேன் தண்ணீரோ எடுங்கள்.

இன்னொருவர் அனுப்பிய படத்தைப் பார்த்துப் பதறிவிட்டேன். பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து அவர் நசுக்கியது, மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு. அதன் உடம்பிலும் வெள்ளை மெழுகு இழைகள் தொங்கும். ஆனால் மாவுப்பூச்சியைவிடப் பெரிது, தொட்டால் விறுவிறுவென்று நகரும். 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியைக்கூட, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு சிறு குளவிதான் அடக்கியது. தெளிப்பதற்கு முன், பெரிதாகத் தெரியும் வெள்ளைப் புழுவை ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஓடினால் அந்தக் கிளையில் தெளிக்காமல் விட்டுவிடுங்கள்.